பொன்னின் உப்பு: அதன் பயனும் பயமும்

புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த கருக்காக்குறிச்சி என்னும் சிற்றூரில் 1898-ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து உரோமைப் பொற்காசுகள் வெளிப்பட்டன. எண்ணிப் பார்த்தபோது ஐந்நூற்றொரு காசுகள் இருந்தன. நம் ஆண்டவர் பிறந்த முதல் நூற்றாண்டில் உரோமையை ஆண்ட சக்கரவர்த்திகளின் முகங்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. அப்படி வெட்டியவர் யார், ஏன் வெட்டினார் என்பது பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் நமக்கு இப்போது வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகள் நம் செம்மண்ணில், மழையிலும் வெயிலிலும் புதைந்து கிடந்த அக்காசுகள் வெளியே வந்தபோது முகம் மங்காமல் வந்தன. அதே மண்ணில் இரும்பைப் புதைத்திருந்தால் துருப்பொடிதான் மிஞ்சியிருக்கும். செம்பைப் புதைத்திருந்தால் களிம்பேறிப் பச்சைக் கட்டியாகியிருக்கும். பொன் மட்டும் காற்றுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் அசைந்து கொடுப்பதில்லை.

இந்த அழியாத் தன்மையைக் கண்டுதான் மனிதன் பொன்னை அரசனுக்கு முடியாகவும் ஆலயத்திற்குப் பாத்திரமாகவும் மணமகளுக்குத் தாலியாகவும் ஆக்கினான். நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் அதனைக் கழுத்திலும் காதிலும் அணிகிறார்கள். குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் நாம் அஞ்சுவதில்லை. உலோகமாக இருக்கும் வரையில் பொன்னைப் போல் சாதுவான பொருள் வேறில்லை எனலாம். ஆனால் அதே பொன் கரைந்து உப்பாக மாறும்போது அதன் குணம் முற்றிலும் வேறாகிவிடுகிறது. அந்த உப்பைப் பற்றி நம் குடும்பங்களில் பேசுவார் அதிகம் இல்லை. எனினும் நம் பங்கு மக்களின் பிள்ளைகளில் சிலர் கல்லூரி வேதியியல் கூடங்களிலும், வேறு சிலர் நகைப் பட்டறைகளிலும், முலாம் பூசும் கடைகளிலும் அதனைக் கையாளுகிறார்கள். ஆகவே இம்மாதம் அதனைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

பொன் எப்படிக் கரைகிறது?

யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தில் இஸ்ராயேலர் வார்த்துக்கொண்ட பொற்கன்றின் வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். மோயீசன் அதனைச் சுட்டெரித்து, பொடியாக்கி, நீரில் தூவி, மக்களைக் குடிக்கச் செய்தார் என்று அங்கே வாசிக்கிறோம். பொன் எரியாது, நீரில் கரையாது. அவ்வாறிருக்க இது எப்படி நடந்தது என்று கேட்டவர்கள் எல்லா நூற்றாண்டிலும் இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டால் என்னும் ஜெர்மானிய வேதியியலார் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். கந்தகமும் காரமும் சேர்ந்த கலவையோடு பொன்னை உருக்கினால் அது நீரில் கரையும் பொருளாகிவிடும் என்பதே அவர் கூற்று. வேதாகம விளக்கமாக அதனை நாம் ஏற்க வேண்டியதில்லை. மெல்லிய தகடாக அடித்த பொன்னை அரைத்துத் தூவினார் என்று கொள்வதே எளிது. ஆயினும் ஸ்டால் கூறிய வேதியியல் பிழையானதன்று. பொன்னைக் கரைக்க வழிகள் உண்டு.

அவற்றுள் பழமையும் புகழும் வாய்ந்தது இராஜ திராவகம். உலோகங்களின் அரசனாகிய பொன்னையே கரைப்பதால் இந்தப் பெயர். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்தது அது. இவ்விரண்டில் எதனையும் தனியாக ஊற்றினால் பொன் அசையாது. பொற்கொல்லர் உரைகல்லில் நகையை உரைத்து நைட்ரிக் திராவகத்தைத் தொட்டு வைத்து மாற்றுப் பார்ப்பதே இந்த நம்பிக்கையில்தான். செம்பின் கீற்று மறையும், பொன்னின் கீற்று நிற்கும். இரண்டு அமிலங்களும் சேரும்போது வேலை பங்கிட்டு நடக்கிறது. நைட்ரிக் அமிலம் பொன்னிலிருந்து ஓர் அணுவைப் பெயர்க்கிறது. அது மீண்டும் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளுமுன் மற்ற அமிலத்திலுள்ள குளோரின் நான்கு பக்கமும் சூழ்ந்து அதனைப் பிடித்து நீருக்குள் இழுத்துச் சென்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் நகை இருந்த இடத்தில் தேன் நிறத் திராவகம் மட்டும் நிற்கும்.

அத்திராவகத்தைக் கவனமாக வற்றச் செய்தால் கிடைக்கும் மஞ்சள் படிகமே குளோரோ ஆரிக் அமிலம். ஆய்வுக்கூடங்களில் தங்கக் குளோரைடு என்று பொதுவாக வழங்குவது பெரும்பாலும் இதுவே. இதன் எடையில் ஏறக்குறையச் சரிபாதி பொன். எஞ்சியது குளோரினும் நீரும் சிறிது ஹைட்ரஜனும். எனவே ஒரு கிராம் குப்பி வாங்கினால் அரைக் கிராம் பொன் வாங்கியதாகக் கொள்ளலாம். கல்லூரிகளில் இக்குப்பியைப் பேராசிரியரே அலமாரியில் வைத்துப் பூட்டுவதன் காரணம் இப்போது விளங்கும்.

இந்தப் படிகத்திற்குக் காற்றிலுள்ள ஈரத்தின்மேல் தீராத தாகம். ஐப்பசி மழைக் காலத்தில் குப்பியைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால், படிகம் கசிந்து குழம்பாகி, எடை பார்க்க முடியாமற் போகும். வெளிச்சமும் இதற்கு ஆகாது. ஆகவே பழுப்பு நிறக் குப்பியில், இறுக மூடி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இரும்புக் கரண்டியால் இதனை அள்ளக் கூடாது. அள்ளினால் உப்பிலுள்ள பொன் கரண்டியின்மேல் படிந்துவிடும். கரண்டியின் இரும்பு உப்போடு கலந்துவிடும். கரண்டிக்கு முலாம் பூசியதுதான் மிச்சம். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கரண்டியே இதற்கு ஏற்றது.

கரைந்த பொன் அழிந்த பொன் அன்று என்பதற்கு ஒரு மெய்யான வரலாறு உண்டு. 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹிட்லரின் படைகள் டென்மார்க்கில் புகுந்தன. கோபன்ஹேகன் நகரில் நீல்ஸ் போர் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் ஜெர்மானிய விஞ்ஞானிகளான மாக்ஸ் ஃபான் லௌவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரின் நோபெல் பதக்கங்கள் அடைக்கலமாக வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து பொன்னை வெளியே அனுப்புவது அக்காலத்தில் பெருங்குற்றம். பதக்கங்களிலோ அவர்களுடைய பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. புதைத்து வைத்தாலும் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சிய ஹெவெசி என்னும் ஹங்கேரிய வேதியியலார், வெளியே தெருவில் படைகள் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பதக்கங்களையும் இராஜ திராவகத்தில் கரைத்துவிட்டார். அத்திராவகம் அலமாரியில் மற்றக் குப்பிகளோடு குப்பியாக நின்றது. சோதனையிட வந்தவர்கள் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. போர் முடிந்தபின் அதிலிருந்து பொன்னை மீட்டு அனுப்ப, நோபெல் அறக்கட்டளையார் அதைக் கொண்டே பதக்கங்களை மீண்டும் வார்த்தனர். ஃபிராங்க் 1952-ஆம் ஆண்டு தம் பதக்கத்தைத் திரும்பப் பெற்றார்.

செந்நிறக் கோடு

இந்த உப்பின் பயன்களில் நம் குடும்பங்களுக்கு மிகவும் அண்மையில் உள்ளது எது தெரியுமா? கருவுற்றிருப்பதை அறிய நம் கிராமச் சுகாதாரச் செவிலியர் தரும் சிறு சோதனை அட்டையை இல்லத்தரசிகள் பலர் கண்டிருப்பார்கள். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாக் கொள்ளை நோயின்போது மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டெடுத்துச் சோதித்த அட்டையும் அதே இனத்தைச் சேர்ந்தது. அவ்வட்டைகளில் பலவற்றில் எழும் செந்நிறக் கோடு சாயத்தால் ஆனதன்று, பொன்னால் ஆனது.

பொன் எப்படிச் சிவக்கும் என்று கேட்கலாம். குளோரோ ஆரிக் அமிலத்தை மிகுந்த நீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, எலுமிச்சையின் புளிப்பிலிருந்து பெறப்படும் சிட்ரேட் உப்பைச் சேர்த்தால், வெளிர் மஞ்சள் நீர் சில நிமிடங்களில் நிறமிழந்து, கருநீலமாகி, பின் மாதுளைச் சாறு போல் சிவந்துவிடும். உப்பிலிருந்து விடுபட்ட பொன் அணுக்கள் கூடிக் கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத துகள்களாக நீரில் மிதப்பதே இந்தச் சிவப்பு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இத்துகள்கள் அப்படிப் பத்து இருபது நானோமீட்டர் அளவே. அத்தனை சிறிய பொன் பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பை விட்டுவிடுகிறது. மைக்கேல் ஃபாரடே 1857-ஆம் ஆண்டிலேயே இந்தச் செம்பொன் நீரைச் செய்து காட்டி, நிறத்திற்குக் காரணம் துகளின் நுண்மையே என்றார். அவர் செய்து வைத்த குப்பிகள் இன்றும் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் காக்கப்படுகின்றன. சிட்ரேட்டைக் கொண்டு செய்யும் எளிய முறையை டர்கெவிச் என்பவரும் உடனுழைத்தோரும் 1951-இல் ஒழுங்குபடுத்தினர்.

சோதனை அட்டையில் இந்தத் துகள்களின்மேல் ஒரு குறிப்பிட்ட புரதத்தை ஒட்டி வைக்கிறார்கள். சிறுநீரிலோ சளியிலோ தேடுகின்ற பொருள் இருந்தால், அது பொன்துகளோடு பிணைந்து தாளில் ஊர்ந்து சென்று, கோடு இழுத்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். ஆயிரமாயிரம் துகள்கள் ஒரே இடத்தில் சேர்ந்தவுடன் சிவப்பு நம் கண்ணுக்குப் புலப்படும். அதில் உள்ள பொன் விலை சொல்ல முடியாத அளவு சிறியது. எனவே பயன்படுத்திய அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பொன் எடுக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்!

பழைய புகைப்பட நிலையங்களில் படங்களுக்கு ஆழ்ந்த நிறம் ஏற்றித் தாள் மங்காமல் காக்கத் தங்கக் குளோரைடு நீரில் தோய்த்தெடுத்தார்கள். கண்ணாடிக்கு மாணிக்கச் சிவப்பு ஏற்றவும் பொன் உதவும். ஆனால் பழங்கோவில்களின் சாளரங்களில் உள்ள சிவப்புக் கண்ணாடியெல்லாம் பொன்னால் ஆனது என்று சிலர் பெருமையோடு சொல்வது சரியன்று. ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களின் சிவப்பு பெரும்பாலும் செம்பு தந்த சிவப்பே. முடக்குவாதத்திற்கு வேறு வகைப் பொன் உப்புகளை ஊசியாகப் போடும் மருத்துவத்தைப் பிரான்சு நாட்டு ஃபாரெஸ்டியே 1929-இல் தொடங்கினார். பல ஆண்டுகள் அது வழக்கில் இருந்தது; தோலையும் சிறுநீரகத்தையும் அது வருத்தியதாலும் வேறு நல்ல மருந்துகள் வந்ததாலும் இப்போது அருகிவிட்டது. அதுவும் மருத்துவர் அளந்து போட்ட ஊசி. பொன் உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டு ஆய்வுக்கூடத்து உப்பை யாரும் வாயில் வைத்துவிடலாகாது. அது குடலை அரிக்கும் அமிலம்.

பட்டறையில் எழும் புகை

ஆய்வுக்கூடத்தைக் காட்டிலும் இந்த உப்பு நம் மாவட்டத்தில் அதிகமாக உருவாவது பொற்பட்டறைகளில்தான். பழைய நகையைத் தூய பொன்னாக மாற்றுவோர் அதனை இராஜ திராவகத்தில் கரைக்கிறார்கள். வெள்ளி வெண்மையான வண்டலாகக் கீழே தங்கும். பொன் திராவகத்தில் நிற்கும். வடிகட்டிய திராவகத்தில் அன்னபேதியைக் கரைத்து ஊற்றினால் பொன் பழுப்பு நிறச் சேறாகக் கீழிறங்கும். பார்ப்பதற்கு ஆற்று வண்டல் போலவே இருக்கும். பொன் என்று சொன்னால் நம்ப மாட்டோம். அதனைக் கழுவி, வெண்காரம் இட்டு உருக்கினால் மீண்டும் மஞ்சள் பொன்.

நம் பங்கைச் சேர்ந்த முதிய பொற்கொல்லர் ஒருவரிடம் இது குறித்து உரையாடினோம். “எங்கப்பா காலத்துல வாசல் திண்ணையிலதான் சாமி திராவகம் வைப்பாங்க. காத்து அடிச்சிட்டுப் போயிடும். இப்ப இடமெல்லாம் கடையாப் போச்சு. பின்கட்டு அறையில கதவைச் சாத்திக்கிட்டு வைக்கிறாங்க. சின்னப் பசங்களுக்கு அந்தப் புகை என்னன்னே தெரியல” என்றார். கதவைச் சாத்துவது ஏன் என்று கேட்டோம். “தங்கம் சாமி. நாலு பேர் கண்ணுல படக் கூடாதில்ல” என்றார்.

அவர் சொன்ன அந்தப் புகையை வாசகர்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். பொன்னோ செம்போ நைட்ரிக் அமிலத்தால் கரையும்போது செம்பழுப்பு நிறத்தில் எழும் ஆவி நைட்ரஜன் டை ஆக்சைடு. இராஜ திராவகத்திலிருந்து அதனோடு குளோரின் வாயுவும் எழும். குளோரின் மூக்கையும் தொண்டையையும் உடனே அறுக்கும். ஆள் தானாகவே வெளியே ஓடுவான். பழுப்பு ஆவியோ வஞ்சகமானது. சுவாசிக்கும்போது சிறிது இருமலும் எரிச்சலும் மட்டுமே தோன்றலாம். வேலையை முடித்து, வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுப் படுத்தவனுக்கு ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்து, சில சமயம் ஒரு நாள் கடந்த பின்னும்கூட, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்தவனை வீட்டார் ஆஸ்துமா என்றோ மாரடைப்பு என்றோ எண்ணித் தூக்கிச் செல்வார்கள். அன்று மாலை அவன் திராவகப் புகையில் நின்றான் என்பதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

எனவே பட்டறைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மாரும், பட்டறையில் வேலை செய்யும் கணவனுடைய மனைவியும் இந்த ஒரு செய்தியை அறிந்திருத்தல் அவசியம். பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் நலமாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் சென்று காட்ட வேண்டும். என்ன புகை, எவ்வளவு நேரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் வரையில் கடின வேலை செய்யாமல், தனியே விடப்படாமல் இருக்க வேண்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்த ஆவியைத் தடுக்காது. ஈரத் துண்டும் அப்படியே. திறந்த வெளியில், காற்று வரும் திசையில் முதுகைக் காட்டி நின்று வைப்பதும், பெரிய பட்டறையானால் புகையை உறிஞ்சி நீரில் கழுவி வெளியேற்றும் அமைப்புச் செய்வதுமே வழி.

கலந்து வைத்த இராஜ திராவகத்தைப் புட்டியில் ஊற்றி இறுக மூடுவதும் பெரும் ஆபத்து. கலந்த பின்னும் அதிலிருந்து வாயு எழுந்துகொண்டே இருக்கும்; மூடிய புட்டி வெடித்துச் சிதறும். வேண்டியபோது வேண்டிய அளவே கலந்துகொள்ள வேண்டும். அசிட்டோன், சாராயம் போன்றவை அதன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. கடையில் யாரும் கேட்டவுடன் அமிலம் விற்பதற்கு 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; வாங்குபவர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருந்து, அடையாளச் சான்று காட்டி, பெயரும் காரணமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்பது கட்டளை. பெண்கள்மீது அமிலம் வீசும் கொடுமையைத் தடுக்க வந்த கட்டளை அது. பட்டறைக்காரர்கள் சிலர் இதனைத் தொல்லை என்று முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பு நமக்கு உடன்பாடன்று.

ஆய்வுக்கூடத்தில் பயிலும் பிள்ளைகளுக்கு

வேதியியல் பயிலும் நம் பங்கு மாணவி ஒருத்தி விரல்களில் ஊதா நிறக் கறையோடு ஞாயிறு திருப்பலிக்கு வந்ததைக் கண்டோம். தோழியர் மருதாணி என்று கேலி செய்தார்களாம். குளோரோ ஆரிக் அமிலக் கரைசல் தோலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து ஊதாக் கறை தோன்றும். தோலிலுள்ள பொருள்கள் உப்பிலிருந்து பொன்னைப் பிரித்து நுண்துகளாக்கிவிட்டன என்பதே பொருள். சோப்புக்கு அது போகாது. மேல்தோல் உரியும்போதுதான் போகும். நீர்த்த கரைசல் என்றால் இவ்வளவோடு முடியும். செறிந்த கரைசலோ படிகமோ பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவிய பிறகே மருத்துவரைத் தேடிச் செல்ல வேண்டும். கழுவாமல் மருத்துவமனைக்கு ஓடுவதால் விலைமதிப்பற்ற அந்தக் கால் மணி நேரம் வழியில் வீணாகிறது. பொன் உப்பு சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஒரு முறை ஒவ்வாமை கண்டவர் பின்னர்ப் பொன் நகை அணிந்தாலே அரிப்புத் தோன்றக்கூடும். நம் நாட்டுப் பெண்ணுக்கு அது சிறு துன்பமன்று. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியச் சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் நொந்துகொள்ளக் கூடாது.

பாடநூல்களில் போதிய அழுத்தம் பெறாத ஆபத்து ஒன்று உண்டு. பொன் உப்புக் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்தால் மஞ்சள் நிற வண்டல் ஒன்று விழும். ஈரமாக இருக்கும்வரை அது பேசாமல் இருக்கும். உலர்ந்துவிட்டால் லேசாகத் தேய்த்தாலும் சூடு பட்டாலும் இடிபோல வெடித்து ஊதாப் புகையைக் கக்கும். ஐரோப்பிய இரசவாதிகள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இதனை அறிந்து வெடிபொன் என்ற பொருளில் பெயரிட்டார்கள். அறிந்துகொள்வதற்குள் விரலையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. நம் பட்டறைகளில் நவச்சாரம் சாதாரணமாகப் புழங்கும் பொருள். அதுவும் அம்மோனியாவின் உப்பே. பொன் கரைந்த திராவகத்தில் நவச்சாரமும் சேர்ந்து, அதன்மேல் காரத்தையும் ஊற்றினால் அதே வெடிபொன் பிறக்கும். திராவகத்தின் புளிப்பை முறிக்க அம்மோனியாவை ஊற்றும் பழக்கம் எங்கேனும் இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும். பொன் கலந்த கழிவு நீரை அம்மோனியாக் கழிவோடு ஒரே கலயத்தில் சேர்ப்பதும் கூடாது.

முலாமும் சயனைடும்

கரைந்த பொன்னுக்கு இன்னொரு வடிவமும் உண்டு: பொட்டாசியம் தங்கச் சயனைடு. வெண்மையான படிகம். எடையில் நூற்றுக்கு 68 பங்கு பொன். இது இல்லாமல் முலாம் தொழில் பெரும்பாலும் இல்லை. சிதம்பரத்தின் பெயர் பெற்ற கவரிங் நகை முதல் கைக்கடிகாரச் சங்கிலி வரை மின்சாரத்தால் பூசப்படும் பொன் பெரும்பாலும் இந்த உப்பிலிருந்து வருவதே. நம் ஆலயங்களுக்கும் இதனோடு உறவு உண்டு. துருப்பிடிக்கும் உலோகத்தாலோ பொன்னினும் தாழ்ந்த உலோகத்தாலோ செய்த திருக்கிண்ணத்தின் உட்புறம் பொதுவாகப் பொன்முலாம் பூசப்பட வேண்டும் என்பது திருப்பலி நூலின் பொது விதி (எண் 328). நாளடைவில் முலாம் தேயும்போது கிண்ணத்தை மறுமுலாமுக்கு அனுப்புகிறோம். நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் பூச ஏறத்தாழ 0.2 கிராம் பொன் போதும். செலவு பொன்னில் இல்லை, வேலையில்தான்.

பழங்காலத்தில் பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கிப் போக்கினார்கள். அந்த ஆவியால் நடுக்கமும் சித்தக் கலக்கமும் கண்டு மாண்ட தொழிலாளர் பலர். 1840-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் சயனைடு கொண்டு மின்முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்ற பின்னரே பாதரசம் மெல்ல விலகியது. ஒரு நஞ்சு போய் இன்னொரு நஞ்சு வந்தது. எனினும் முன்னது நாள்தோறும் ஆவியாகித் தீர வேண்டிய நஞ்சு. பின்னதை ஒழுங்காகக் கையாண்டால் தொட்டியிலேயே நிறுத்தி வைக்கலாம்.

வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து தலைமுறை உழைத்த கோலார் தங்க வயலிலும் பாறைப் பொடியிலிருந்து பொன்னைக் கரைத்தெடுத்தது சயனைடுதான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் போய்விட்டது, சயனைடு கண்ட மண் குன்றுகள் ஊர் நடுவே நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் புழுதி வீடுகளுக்குள் வருகிறது.

சயனைடு உப்பு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் வாயு எழும். சில நிமிடங்களில் உயிரைக் குடிக்க வல்லது அது. முலாம் கடையில் உலோகத்தைச் சுத்தம் செய்யும் அமிலத் தொட்டியும், முலாம் தொட்டியும் அருகருகே இருப்பதே வழக்கமாக இருக்கிறது. அதுவே நாம் அஞ்சுவது. இரண்டையும் தனித்தனி இடத்தில் வைப்பதும், அமிலத்திலிருந்து எடுத்த பொருளை நன்கு கழுவிய பின்னரே முலாமில் இறக்குவதும், இரண்டின் கழிவு நீரையும் ஒரே சாக்கடையில் விடாதிருப்பதும் உயிர் காக்கும் வழக்கங்கள். கசந்த வாதுமை வாசனையால் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். பலருக்கு அந்த வாசனை பிறவியிலேயே தெரிவதில்லை. அதை நம்பி இருக்க முடியாது. மயங்கி விழுந்தவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, நனைந்த உடையைக் களைந்து, தோலைக் கழுவி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது, ஊதுபவரும் விழுவார். சயனைடுக்கு முறிவு மருந்துகள் உண்டு. சயனைடு என்ற சொல்லை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் நேரம் மிஞ்சும்.

சயனைடு இல்லாமல் முலாம் பூசும் வழிகளும் இல்லாமல் இல்லை. சல்பைட் கலந்த பொன் கரைசல்கள் உலகில் பல இடங்களில் வழக்கில் உள்ளன. விலையும் பராமரிப்பும் கூடுதல் என்பதால் சிறு கடைகள் தயங்குகின்றன. நம் மாவட்ட எல்லையைத் தாண்டியவுடன் காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட அந்நிறுவனம் மின்முலாம் துறையில் நெடுங்காலமாக ஆய்வு செய்து வருவது. முலாம் தொழிலில் இறங்க விரும்பும் நம் இளைஞர்கள், அண்ணன் கடையில் பார்த்துக் கற்றதோடு நில்லாமல், அங்கே என்ன பயிற்சி கிடைக்கும் என்று விசாரிப்பது நன்று.

இறுதியாகக் கழிவுத் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைக் கழிவில் பொன் துகள் சேரும் என்பதால் அத்தொட்டிச் சேற்றுக்கும் விலை உண்டு. 2025-ஆம் ஆண்டு மே மாதம் ஜெய்ப்பூரில் நகைத் தொழிற்கூடம் ஒன்றின் கழிவுத் தொட்டியில் அச்சேற்றை எடுக்க இறங்கிய தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றப் பின்னே இறங்கியவர்களும் நச்சு வாயுவில் சிக்கினர். நால்வர் மாண்டனர். நாம் முன்னர்க் குறிப்பிட்ட முதிய பொற்கொல்லரிடம் இச்செய்தியைச் சொன்னபோது அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, தம் பட்டறையின் பின்புறத் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிட்டதாகவும், சேற்றை வாங்க வருகிறவர் யாரையும் உள்ளே இறங்க விடுவதில்லை என்றும், நீளக் கழியில் வாளி கட்டி மேலிருந்தே அள்ளச் சொல்வதாகவும் கூறினார். “அரைப் பவுன் குறையட்டும் சாமி” என்றார்.